வாங்கக்கூடாத மகமை

அந்தப் பைய எதுக்கு மடியிலயே வச்சுக்கிட்டு இருக்கீங்க, மேல வச்சிருங்க. தூத்துக்குடி வரைக்கும் ஒருத்தனும் ஏற மாட்டான், ஒருத்தனும் இறங்க மாட்டான். நடுவுல நிக்காத வண்டி இது. அதனாலதான் இதுல ஏறுனேன். எனக்கு அவசரம். உங்களுக்கு எந்த ஊரு? சேலமா? இம்புட்டுத் தூரமா! சரி, சரி. வெளியூர்க்காரரு பக்கத்துல இடம் கிடைச்சது எனக்கு நல்லதாப் போச்சு.

ஏன்னு கேக்கீங்களா? எங்க ஊர்க்காரன்னா இந்நேரம், "என்ன அண்ணாச்சி, காரு என்னாச்சு, பஸ்ல போறிய"ன்னு ஆரம்பிச்சிருப்பான். காரு வீட்டுலதான் நிக்குது. கார எடுத்தா டிரைவருக்குத் தெரியும். டிரைவருக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சா... பொறுங்க, சொல்லுதேன். இந்த போன் அடிக்குதான்னு நீங்களும் ஒரு கண்ணு வச்சுக்கிடுங்க. மிஷின் சத்தத்துலயே கிடந்து எனக்கு ஒரு காது மந்தம்.

எங்கம்மா படுத்திருக்கா. நேத்து சாயந்தரத்துல இருந்து மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. டாக்டர் பாத்துட்டு, "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க"ன்னுட்டுப் போயிட்டாரு. சொல்ல வேண்டிய ஆளு ஒரே ஆளுதான். என் தம்பி பால்துரை, தூத்துக்குடியில இருக்கான். எங்கள்ல அப்பாவுக்கு மூத்தவன் கொள்ளி வைக்கணும், அம்மாவுக்கு இளையவன் வைக்கணும். நான் வைக்க முடியாது. அவன் வந்தாகணும். வர்றதுக்கு அவன் ஒரு விலை சொல்லிட்டான். அந்த விலையக் குடுக்கவா வேண்டாமான்னுதான் வண்டி ஏறுனதுல இருந்து மண்டைய உடைச்சுக்கிட்டு வாரேன்.

பணம் இல்லங்க. பணம்னா வீசி எறிஞ்சுட்டுக் கையோட கூட்டிட்டு வந்துருவேன்.

மொதல்ல நான் யாருன்னு சொல்லணும்லா. பேரு தவசிலிங்கம். தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருக்கேன். ஆபீஸ்னதும் மேசை நாக்காலின்னு நெனச்சுராதீங்க. எங்க பக்கம் தீப்பெட்டி செய்யுற இடத்துக்கே ஆபீஸ்னுதான் பேரு. எங்க ஆளுக சங்கத்த உறவின்முறைன்னு சொல்லுவோம், எங்க ஊரு உறவின்முறைக்கு நான்தான் தலைவரு. ஆனா என் பேரு தெரியாதவன்கூட 'வரிவேண்டாம் அண்ணாச்சி வீடு எது'ன்னா கையக் காட்டிருவான். அது என் பட்டப்பேரு. கேலிக்கு வச்சதுதான், ஆனா எனக்கு அதுல பெருமை.

மதுரையில எங்களுக்கு ஒரு மன்றம் உண்டு. சுதந்திர வணிகர் மன்றம். வக்கீலு, புரொபசரு, யாவாரின்னு எல்லாரும் வருவாங்க. ஒருத்தன் உழைப்பு அவனுக்குச் சொந்தம். அவன் சரக்க அவன் இஷ்டத்துக்கு விக்கான், வாங்குறவன் அவன் இஷ்டத்துக்கு வாங்குதான். நடுவுல மூணாவது ஆளுக்கு என்ன வேலை? அரசாங்கமே ஆனாலும் மூணாவது ஆளு மூணாவது ஆளுதான? இத மொத மொதல்ல அங்க கேட்டப்ப எனக்கு மண்டைக்குள்ள பல்பு எரிஞ்ச மாதிரி இருந்துச்சு. அதுல இருந்து எந்த மேடை ஏறுனாலும் இதையேதான் பேசுவேன். காதுகுத்துக்குக் கூப்பிட்டாலும் பேசுவேன். என் வீட்டுக்காரி செண்பகம், "பிள்ளை அழுதா கூட இவரு வரியப் பத்திப் பேசுனதுனாலதான் அழுவுதுன்னு சொல்லுதாங்க"ம்பா.

மிஷின் வந்த காலத்துல, கைவேலையா நடத்துன சின்ன ஆபீஸ்காரங்க எல்லாம் என்கிட்ட வந்து நின்னாங்க. "அண்ணாச்சி, மிஷின் பெட்டிக்கு வரியக் கூட்டச் சொல்லி மனு குடுப்போம், நீங்களும் சேருங்க"ன்னாங்க. சேர மாட்டேன்னுட்டேன். "வே, நல்லதா மலிவா எவன் குடுக்கானோ அவன்கிட்ட சனம் வாங்கும். அதத் தடுக்க நீரு யாரு, நான் யாரு?"ன்னு கேட்டேன். அதுல பாதிப்பேரு அப்புறம் ஆபீஸ மூடிட்டாங்க. வருத்தந்தான். ஆனா கொள்கைன்னா கொள்கை. அன்னைக்கு என் பக்கத்துல நின்னு கை தட்டுனவன் பால்துரை. எனக்கும் அவனுக்கும் ரொம்ப வயசு வித்தியாசம். அப்பா போனப்ப அவன் சின்னப் பையன். நான் பேசுறது பூராவும் அவனுக்கு மனப்பாடம்.

அப்புறம் வந்துச்சு பாருங்க, லைட்டரு.

கப்பல்ல வந்துச்சு. கலர் கலரா பிளாஸ்டிக்கு. மொதல்ல நான் சிரிச்சேன். அப்புறம் பாத்தா டீக்கடையில அதுதான் தொங்குது, பெட்டிக்கடையில அதுதான் தொங்குது. எங்க பெட்டி அடுக்கி வச்சிருந்த எடத்துல பீடிக்கட்ட அடுக்கிட்டான். ஆபீஸ்ல வாரத்துல பாதி நாள் மிஷின் ஓடல. வேலைக்கு வந்த பொம்பளைங்க கேட்டுலயே நின்னுட்டுத் திரும்பிப் போனாங்க. சரி, அந்தச் சரக்க மொத்தமா எடுத்து நாலு மாவட்டத்துக்கும் போட்டது யாருங்கிறீங்க? என் கூடப் பொறந்தவன்தான்.

ஒளிச்சு மறைச்சுச் செஞ்சிருந்தாக்கூட மனசு ஆறும். நேர வீட்டுக்கு வந்தான். அல்வா வாங்கிட்டு வந்தான். எங்கம்மா கால்ல விழுந்தான், என் கால்ல விழுந்தான். "அண்ணே, புதுசா ஏஜென்சி எடுத்திருக்கேன், நீங்க ஆசீர்வாதம் பண்ணணும்"னு சொல்லி அந்தச் சனியன்ல ஒண்ண எடுத்து என் கையில வச்சான். அம்மா அத வாங்கி ஒரு தட்டு தட்டி, எரியுறதப் பாத்துச் சிரிச்சா.

இல்ல, இப்ப நீங்க சிரிக்கப்படாது. கேளுங்க. நான் நல்லா யோசிச்சுட்டேன். சுதந்திர யாவாரம்னா ரெண்டு பக்கமும் சுதந்திரமா இருக்கணும். லைட்டர் செய்யுற நாட்டு அரசாங்கம் அவன் ஆளுக்குக் காசு குடுத்து, கரண்டு குடுத்து, அவன் விலையக் கொறச்சு இங்க அனுப்புது. அப்ப மூணாவது ஆளு அங்கயே உள்ள புகுந்துட்டான்லா? அவன் செஞ்ச கோணல நிமித்துறதுக்கு இங்க துறைமுகத்துல ஒரு வரி போட்டா அது வரியா? அது நியாயம். இன்னொண்ணு, என் தோட்டத்துக்கு நான் வேலி போடலாம்லா? வேலிக்குள்ள எப்படியும் சுதந்திரமா நடப்பேன். வாசல்ல ஒரு காவல் இருந்தாத்தான் வீட்டுக்குள்ள நிம்மதியா இருக்க முடியும். வெளியில இருந்து வர்றவன்கிட்ட வாங்கிட்டா, உள்ள இருக்கிறவன்கிட்ட அரசாங்கம் கையேந்த வேண்டாம். எப்படி?

இதையே மன்றத்துல பேசுனேன். அங்க கோமதிநாயகம்னு ஒரு புரொபசரு, மெலிஞ்ச மனுசன், தண்ணி குடிக்கிறதுகூட மெதுவாத்தான் குடிப்பாரு. அவரு எந்திரிச்சு, "தோட்டம் உங்களுது, வேலி போடுங்க. நாடு உங்க தோட்டமா அண்ணாச்சி? அந்த டீக்கடைக்காரனோட சட்டைப்பையும் உங்க வேலிக்குள்ளதான் வருதா?"ன்னு கேட்டாரு. "கப்பல்காரனுக்குப் போடுற வரின்னு சொல்லுதீங்க. கடைசியில அத அடுப்புப் பத்த வைக்கிற பொம்பளைதான குடுப்பா? உங்களுக்கு மனசு கேக்கலைன்னா, எங்க பெட்டியவே வாங்குங்கன்னு அவகிட்டக் கேளுங்க. கேக்குறதுக்கு உரிமை உண்டு. தடுக்கிறதுக்கு ஏது?" எல்லாரும் என்னையே பாக்காங்க. நான் சொன்னேன், "ஐயா, தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும். உங்களுக்கு மாசம் பொறந்தா பென்சன் வருது"ன்னேன். அதோட மன்றத்துக்குப் போறத விட்டுட்டேன். படிச்சவங்களோட பேசிப் பிரயோசனம் இல்ல.

எட்டயபுரம் தாண்டிட்டோமா? போன் அடிக்கலையே? சரி.

அப்புறம் டெல்லியில இருந்து ஒரு அதிகாரி வந்தாரு. லைட்டருக்கு வரி போடலாமா வேண்டாமான்னு ரெண்டு தரப்பையும் கேக்கணும்னு மதுரையில ஒரு ஓட்டல் ஹால்ல கூட்டம். தீப்பெட்டிக்காரங்களுக்காக நான் பேசுனேன். நல்லாத்தான் பேசுனேன். வரி போட்டா மட்டும் போதாது, மூணாவது நாட்டு வழியாச் சுத்தி, பேர மாத்திச் சரக்கு கொண்டு வருவான், அது திருட்டுப்பய வேலை, அதையும் சேத்து அடைக்கணும்னு சொன்னேன். அதிகாரி தலைய ஆட்டுனாரு. அடுத்து லைட்டர் தரப்புல யாருன்னு கேட்டாங்க. பால்துரை எந்திரிச்சான்.

அவன் என்ன பேசினான்கிறீங்க? ஒரு வார்த்தை சொந்தமாப் பேசல. நான் பேசுனதத்தான் பேசினான். "மனுசன் உழைப்பு அவனுக்குச் சொந்தம். விக்கிறது விக்கிறவன் இஷ்டம், வாங்குறது வாங்குறவன் இஷ்டம். நடுவுல மூணாவது ஆளுக்கு என்ன வேலை?" கைய நான் எப்படி ஆட்டுவேனோ அப்படியே ஆட்டுனான். நான் இருமுற எடத்துல இருமுனான். எங்க ஆளுகளே சிரிச்சுட்டாங்க. அந்த அதிகாரி, "ரொம்பத் தெளிவாப் பேசுறீங்க, இதெல்லாம் எங்க படிச்சீங்க?"ன்னு கேட்டாரு. "படிக்கலைங்க. அந்தா உக்காந்திருக்காரே, எங்க அண்ணன், அவருகிட்டக் கேட்டது"ன்னு சொல்லிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். கேலிக்கு இல்லங்க. நெசமாவே கும்பிட்டான். அதுதான் எனக்குத் தாங்கல. வீட்டுக்கு வந்து சோறு இறங்கல. ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஊருக்குத்தான் உபதேசம்னு எவனோ ஆபீஸ் செவுத்துல கரியால எழுதிட்டான்.

அந்தக் கோபத்துலதான் மகமைய எடுத்தேன்.

உங்க பக்கம் மகமை உண்டா? இல்லையா? எங்க ஆளுக எந்த ஊர்ல யாவாரம் பண்ணினாலும், வர்ற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சின்னத் தொகைய ஒதுக்கி, சொந்த ஊரு உறவின்முறைக்கு அனுப்பிருவாங்க. அதுதான் மகமை. அதுலதான் பள்ளிக்கூடம், கோயிலு, கல்யாண மண்டபம் எல்லாம். அரசாங்கம் கேக்கல, போலீசு கேக்கல, தானாக் குடுக்கான். நான் மேடையில சொல்லுவேன், "வரி வேண்டாம், மகமை போதும்"னு. இதுல எங்க இருக்கு கட்டாயம்? குடுக்காதவன நாங்க ஒண்ணும் செய்யுறதில்ல. அவன் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போக மாட்டோம். அவ்வளவுதான். போகாம இருக்கிறது எங்க சுதந்திரம்.

பால்துரை குடுக்காதவன் இல்ல. லைட்டர் பெட்டிக்கும் ஒழுங்கா அனுப்பிக்கிட்டுத்தான் இருந்தான். நான் உறவின்முறைக் கமிட்டியக் கூட்டினேன். "அந்நியச் சரக்குக்கு மகமை வாங்கினா அந்தச் சரக்க நாம சேத்துக்கிட்ட மாதிரி. நம்ம பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு, நம்ம ஆபீஸ மூட வச்ச காசா?"ன்னு கேட்டேன். எல்லாரும் ஆமாம்னுட்டாங்க. தீர்மானம் போட்டோம். அவன் மகமைய யாரும் வாங்கக்கூடாது. குடுக்காதவனுக்கு என்ன முறையோ அதே முறை அவனுக்கும். செயலாளர் காசிராஜன், "அண்ணாச்சி, யாராவது இரக்கப்பட்டு வாங்கிட்டா?"ன்னு கேட்டான். நல்ல கேள்வி. ஓட்டை இருந்தா வேலி எதுக்கு? "வாங்குறவன் வீட்டு நல்லது கெட்டதுக்கும் யாரும் போகப்படாது"ன்னு சேக்கச் சொன்னேன். "பொதுக்குழு கூடாம இத யாரும் வாய்வார்த்தையில மாத்தப்படாது, தலைவரே ஆனாலும்"னு அதையும் சேத்தேன். பொதுக்குழு பங்குனிப் பொங்கல் முடிஞ்சுதான் கூடும். உறுதியா இருக்கணும்லா.

வரி போட விடாம அவன் வாய் பேசினான். சரி, அரசாங்கத்த விட்டுட்டேன், என் கையில இருக்கிற கதவ நான் சாத்திக்கிட்டேன். அதுல தப்பு இருக்கா?

வரியும் வந்துச்சு, அது வேற விசயம். வரி வந்த பிறகு லைட்டரு சுத்து வழியா வருது. நம்ம கமிட்டியிலயே ஒருத்தன் கடையில கல்லாவுக்குக் கீழ வச்சு விக்கான். அத விடுங்க.

அவன் மகளுக்குக் கல்யாணம் வந்துச்சு. எங்க மண்டபத்தக் கேட்டான், குடுக்கல. தூத்துக்குடியிலயே வச்சான். ஊர்ல இருந்து ஒரு சுடுகுஞ்சு போகல. எங்கம்மா மட்டும் போகணும்னு நின்னா. நான் தடுக்கலங்க. சத்தியமாத் தடுக்கல. "போகணும்னா போங்க, உங்க இஷ்டம்"னுதான் சொன்னேன். டிரைவருக்கு மட்டும் அன்னைக்கு லீவு குடுத்தேன். என் டிரைவருக்கு நான் லீவு குடுக்கலாம்லா? அம்மாவுக்கு முட்டுவலி, பஸ் படி ஏற முடியாது. விடியக்காலையிலயே பட்டுச்சேலையக் கட்டி, பேத்திக்குப் போடணும்னு ஒரு செயினக் கையில மடக்கி வச்சுக்கிட்டு, ஹால் சோபாவுல உக்காந்திருந்தா. கார் சத்தம் கேட்டா எட்டிப் பாப்பா. மத்தியானம் ஆச்சு. செண்பகம் சோறு கொண்டு வந்தா, வேண்டாம்னுட்டா. பொழுது சாயுற வரைக்கும் அந்தச் சேலையோடயே உக்காந்திருந்தா. அப்புறமா செயின அவுத்து... இல்ல, செயின முந்தியில முடிஞ்சுக்கிட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டா.

அதுக்கப்புறம் அவ என்கிட்டப் பேசல. சாப்பிட்டியான்னு கூடக் கேக்கல. கொஞ்ச நாள்ல ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு விழுந்துட்டா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லங்க. டாக்டரே பிரஷர்னு சொல்லிட்டாரு. செண்பகம்தான் ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பா. அவளுக்கு என்ன தெரியும்?

தண்ணி வேண்டாங்க. தூசி, கண்ணுல.

நேத்து செண்பகம்தான் அவனுக்கு போன் போட்டா. நான் பக்கத்துல நிக்கேன். "தம்பி, அத்தைக்கு முடியல, வந்துருங்க"ன்னா. அவன் அழுதது எனக்கே கேட்டுச்சு. அப்புறம் சொன்னான், "மதினி, நான் வாரேன். அண்ணன வந்து என் கடை வாசல்ல நின்னு, கைய நீட்டி என் மகமைய வாங்கிக்கிடச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

பாத்தீங்களா விலைய! வாங்கினா நான் வெளியே. என் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊரு வராது. நல்லது எதுவும் இப்போதைக்கு இல்ல. கெட்டதுதான் வரப்போகுது, இன்னைக்கோ நாளைக்கோ. எங்கம்மா சாவுக்கு ஊரு வராது. வாங்கலைன்னா பெத்த பிள்ளை வர மாட்டான், கொள்ளி வைக்க ஆளில்ல. நான் அவன மிரட்டல்காரன்னு சொல்ல முடியுமா? என்கிட்ட இல்லாத சரக்கு அவன்கிட்ட இருக்கு. விலை சொல்லுறது விக்கிறவன் இஷ்டம். நான் சொல்லிக் குடுத்ததுதான். இன்னைக்குக் காலையில இருந்து நானும் அவனுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கேன், எடுக்க மாட்டேங்கான். வீம்பு. நேர்ல போனாத்தான் ஆகும்னு கெளம்பிட்டேன். தானாடாட்டாலும் தசையாடும்பாங்க. அவனுக்கு ஆடலையே.

நெருப்புப்பெட்டி ஒண்ணு சட்டைப்பையில எடுத்துட்டு வந்திருக்கேன், பாருங்க, நம்ம பெட்டி. கொள்ளிச்சட்டிக்கு அவன் பாட்டுக்கு அந்தச் சனியன எடுத்துத் தட்டிட்டான்னா?

நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? வண்டி ஏறி உங்களப் பாத்ததுல இருந்தே ஒரு யோசனை. நீங்க வெளியூரு. எங்க தீர்மானம் உங்களக் கட்டாது. பஸ் ஸ்டாண்டுல இருந்து ஆட்டோவுல என் தம்பி கடை பக்கம்தான். நீங்க என் கூட வாங்க. நான் வாசல்ல நிக்கேன். எனக்காக நீங்க கைய நீட்டி வாங்கிக்கிடுங்க. என் ஆளுன்னு சொல்லிருதேன். வாங்கி என்கிட்டத் தர வேண்டாம், நீங்களே வச்சுக்கிடுங்க. அவன் குடுத்த மாதிரியும் ஆச்சு, நான் வாங்காத மாதிரியும் ஆச்சு. உங்க மெனக்கேட்டுக்கு என்ன வேணுமோ நான்... ஏன் அப்படிப் பாக்கீங்க? மூணாவது நாடா? எந்த மூணாவது நாடு? ஐயா, அது வேற, இது வேற. அது யாவாரம். இது குடும்ப விசயம்.

அடிக்குதா? குடுங்க, குடுங்க. செண்பகம்தான். ஆங், சொல்லு. இப்பத்தான் பாதி வழி... யாரு? எங்க? நம்ம வீட்டுலயா? எப்ப?

ஏங்க, அவன் அங்க இருக்கான்ங்க. பால்துரை எங்க வீட்டுல இருக்கானாம். மனசு கேக்காம விடியுமுன்னாடியே பைக்க எடுத்துட்டுக் கெளம்பிட்டானாம். வண்டி ஓட்டுனதுனாலதான் போன் எடுக்கல. நான் இந்தப் பக்கம் வர, அவன் அந்தப் பக்கம் போயிருக்கான். விலையெல்லாம் சும்மாங்க. விலையே கேக்காமப் போயிட்டான். நான் சொல்லல? தசையாடும்னு சொன்னேனா இல்லையா? கண்டக்டர் தம்பி, வண்டிய நிப்பாட்டுங்க, நான் திரும்பணும்... பொறுங்க, இவ இன்னும் ஏதோ சொல்லுதா. சொல்லும்மா, கேக்குது. அழாமச் சொல்லு.

ம்.

ம்.

எப்ப?

எங்கம்மா போயிட்டாங்க. இப்பத்தான். அவன் மடியிலதான் தல இருந்துச்சாம்.

இருங்க. இன்னும் இருக்கு. அவன் ஒரு மஞ்சத்துணியில மகமைய முடிஞ்சு கொண்டு வந்திருக்கான். நான் அங்க இல்லைன்னதும், "நீங்களாவது வாங்கிக்கோங்கம்மா"ன்னு அவ கையில வச்சிருக்கான். விளங்காத கை இல்லங்க, நல்லா இருந்த கை. அவ வாங்கிட்டா. இறுக்கி மூடிட்டா. மூடுன கையோடயே போயிட்டா. இப்பப் பிரிக்கப் பாக்காங்களாம், பிரிக்க முடியலையாம்.

அது எப்படிங்க வாங்கலாம்? வாங்கக்கூடாதுன்னு தீர்மானம் இருக்கே. அவளுக்குத் தெரியுமே. நான் கமிட்டி முடிஞ்சு வந்து சாப்பிடும்போது அவ முன்னாலதான சொன்னேன், வாங்குறவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு... ஒவ்வொரு வரியாச் சொன்னேனே. பெருமையாச் சொன்னேனே.

தெருவுல எல்லாரும் நிக்காங்களாம். படியேறலையாம். கண்ணால பாத்தாச்சுல்லா, மகமை அவ கையில இருக்கிறத. போனக் காசிராஜன்கிட்டக் குடு செண்பகம். குடு அவன்கிட்ட. வே காசி, என்னவே நிக்கிய? எங்கம்மாவே அது! உன்னயத் தூக்கி வளத்தவ! போவே உள்ள. எல்லாத்தையும் போகச் சொல்லு. நான் சொல்லுதேன், தலைவரு சொல்லுதேன். உத்தரவுன்னு வச்சுக்கோ. போகாதவன் எவன்னு நான் வந்து பாக்கேன்... என்னது? என்ன சொன்ன?

வச்சுட்டான்.

என்ன சொன்னான்னு கேக்கீங்களா? மரியாதையாத்தான் சொன்னான். "அண்ணாச்சி, தலைவரே ஆனாலும் வாய்வார்த்தையில மாத்தப்படாதுன்னு நீங்கதான் எழுதச் சொன்னீங்க. நான் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அவங்கவங்க இஷ்டம்"னான்.

கண்டக்டர் தம்பி! நிக்காத வண்டின்னு எனக்கும் தெரியும்ப்பா. அதுக்காகத்தான ஏறுனேன். சட்டம் எல்லாம் தெரியும். எங்கம்மா செத்துப்போனாப்பா. உன் கால்ல வேணும்னாலும் விழுறேன். காட்டுக்குள்ளன்னாலும் பரவால்ல, இறக்கி விட்டுரு. எதுத்தாப்புல லாரி வந்தாலும் ஏறிக்கிடுவேன். விசிலக் கொடுப்பா, நல்லாயிருப்ப.

நிக்குது. நிப்பாட்டிட்டான். புண்ணியவான்.

நான் வாரேங்க. உங்களப் போட்டு ரொம்பப் பேசிட்டேன். அந்த யோசனைய மறந்துருங்க, அது கிறுக்குத்தனம். ஒண்ணே ஒண்ணு. வெளியூருன்னு சொன்னீங்கல்லா. உங்களுக்கு எங்க தீர்மானம் கிடையாது. தூக்குறதுக்கு நாலு பேரு வேணும். நானும் அவனும் ரெண்டு பேருதான் இருக்கோம். கட்டாயம் இல்லங்க. உங்களுக்கு அங்க வேலை இருக்கும். சும்மா கேட்டேன். கேக்குறதுக்கு உரிமை உண்டுன்னு அந்தப் புரொபசரு சொன்னாருல்லா, அதான் கேட்டேன்.

என்னங்க, எந்திரிக்கீங்க?

பைய எடுத்துக்கிடுங்க. மேல இருக்கு.